காத்திருக்க முடிந்தவருக்கே வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொருளாதாரம் சுணங்கும்போதெல்லாம் பட்டதாரிகளின் வேலையைப் பற்றி இரண்டு பேச்சு கிளம்பும். "திறமை இருந்தால் எந்தக் காலத்திலும் வேலை கிடைக்கும்" என்பது ஒன்று. "எல்லாம் சிபாரிசுதான்" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் நல்ல காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டாவதைச் சொல்பவர் கெட்ட காலத்தில் சேர முயன்றவர். மந்தநிலையில் குடும்பப் பின்னணி எந்த இடத்தில் கை கொடுக்கிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது என்பது இரண்டிலுமே வருவதில்லை. வசதியான குடும்பம் பிள்ளைக்குத் தரும் பெரிய உதவி அவகாசம். சிபாரிசெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், கணக்கின் போக்கைக் கவனியுங்கள். ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண், இரண்டு பட்டதாரிகள். ஒருவர் வீடு அவரை 10 மாதம் தாங்கும். மற்றவர் வீடு 2 மாதம் தாங்கும். நல்ல காலத்தில், தேடும் ஒவ்வொரு மாதத்திலும் படிப்புக்கேற்ற வேலை அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். 2 மாதம் தேடுபவருக்கு வேலை அமையும் வாய்ப்பு 64 விழுக்காடு. 10 மாதம் தேடுபவருக்கு 99-க்கும் மேல். வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் வீட்டில் வசதியில்லாதவரும் பாதிக்கு மேல் கரையேறிவிடுகிறார். இப்போது மந்தம் வந்து அந்த 40 என்பது 10 ஆகிறது. 2 மாதம் தேடுபவருக்கு வாய்ப்பு 19 விழுக்காடு. 10 மாதம் தேடுபவருக்கு 65. ஒன்றரை மடங்காக இருந்த இடைவெளி ஏறத்தாழ மூன்றரை மடங்காகிவிட்டது. 10 மாதம் தேடுபவருக்காக யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த நிறுவனமும் பாரபட்சம் காட்டவில்லை. வீட்டு அரிசிப்பானை எத்தனை மாதம் தாங்கும் என்பது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிட்டது.

2 மாதம் முடிந்ததும் இரண்டாமவர் என்ன செய்வார்? கிடைத்த வேலையில் சேர்வார். நாளுக்கு 10, 12 மணி நேரம் போய்விடும். நேர்முகத் தேர்வுகள் வாரநாளில் காலை 11 மணிக்குத்தான் வைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். மூன்று சுற்றுத் தேர்வு என்றால் மூன்று நாள். மூன்றாவது முறை விடுப்புக் கேட்கும்போது இருக்கிற வேலையும் ஆட்டம் காணும். அதனால் தேடுவதே நின்றுபோகிறது. "முயற்சி இல்லை" என்று பிறகு இவரைத்தான் சொல்வார்கள்.

நிறுவனங்களின் பக்கம் நடப்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரம் குறையத் தொடங்கியதும் முதலில் கை வைப்பது புதியவர்களைச் சேர்ப்பதில். இருக்கிறவரை அனுப்பினால் இழப்பீடு, வழக்கு, கெட்ட பெயர் என்று செலவு உண்டு. இன்னும் சேராதவரை வேண்டாம் என்று சொல்ல ஒரு மின்னஞ்சல் போதும். பயிற்சிச் செலவு வேறு மிச்சம். வேலை இழந்த இரண்டு வருட அனுபவக்காரர்கள் ஃப்ரெஷர், அதாவது அனுபவமில்லாத புதியவர், வாங்கும் சம்பளத்துக்கே வரத் தயாராக நிற்பார்கள்; அப்போது ஃப்ரெஷர் எதற்கு? விளம்பரம் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும் என்பதால் எச்.ஆர். எனும் மனிதவளப் பிரிவு விளம்பரத்தையே நிறுத்திவிட்டு, "உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று ஊழியர்களைக் கேட்கும். ரெஃபரலுக்கு, அதாவது ஊழியர் பரிந்துரைக்கு, மவுசு கூடுவது இப்படித்தான். யாரும் சதி செய்வதில்லை, வேலைப்பளுவைக் குறைக்கிறார்கள். விளைவு மட்டும் சதி செய்தது போலவே இருக்கும்.

இதில் ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்று கவனிக்கத் தக்கது. வேலை கிடைக்க நெருங்கிய உறவைவிடத் தூரத்துப் பழக்கமே அதிகம் உதவும் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதியது இன்றும் வேலைவாய்ப்பு வழிகாட்டுதலில் வேதவாக்காக ஓதப்படுகிறது. அதைச் சோதிப்பதுபோல, கிராமார்ஸ், ஸ்கான்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட அந்த ஸ்வீடன் ஆய்வு, படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகும் இளைஞர்களை எடுத்துக்கொண்டது. தாயோ தந்தையோ வேலை பார்க்கும் அதே இடத்தில் பிள்ளைக்கு வேலை கிடைப்பது மிகச் சாதாரணம் என்று தெரிந்தது. வேலையின்மை உயர்ந்த ஆண்டுகளிலும், படிப்பு குறைந்த பிள்ளைகளிடமும் இது இன்னும் கூடுகிறது. தூரத்துப் பழக்கத்துக்கு அப்படி ஒரு கூடுதல் பலம் தெரியவில்லை. இன்னொன்றும் கண்டார்கள்: பிள்ளை சேர்ந்த உடனே பெற்றோரின் சம்பள உயர்வு சட்டென்று மட்டுப்படுகிறது. இலவசச் சிபாரிசு என்று எதுவும் இல்லை போலும்.

இதன் மறுபக்கத்தை யோசியுங்கள். பெற்றோருக்கு நிலையான வேலை இருந்தால்தானே பிள்ளையைக் கூட்டிப்போக ஓர் இடம் இருக்கும்? அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கும் சொந்தமாகச் சிறுதொழில் செய்கிறவருக்கும் அப்படி ஒரு வாசலே கிடையாது. அதோடு மந்தம் பிள்ளையை மட்டும் பார்த்து வருவதில்லை. தகப்பனையும் அதே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். கனடாவில் நிறுவனம் மூடப்பட்டு வேலை இழந்த தந்தையரின் மகன்கள், பெரியவர்களானபின் மற்றவர்களைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள் என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

"இரண்டு வருடம் கஷ்டப்பட்டால் சரியாகிவிடும், எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். சரியாவது உண்மை, எல்லாருக்கும் ஒரே வேகத்தில் சரியாவதில்லை. கனடாவில் 1976 முதல் 1995 வரை பட்டம் பெற்ற ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின்படி, வழக்கமான ஒரு மந்தநிலையில் வெளியே வருபவர் தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு வருமானம் இழக்கிறார். ஐந்து ஆண்டில் அது பாதியாகி, பத்து ஆண்டில் மறைகிறது. அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை பட்டம் பெற்றவர்களை ஆராய்ந்த பொருளியலாளர் லிசா கான், பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் தழும்பு மிச்சமிருப்பதைக் கண்டார். கனடா ஆய்வில் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்பதுதான் விஷயம்: முதலில் சிறிய, குறைந்த சம்பள நிறுவனத்தில் சேர்ந்துவிட்டு, அடுத்தடுத்து நல்ல நிறுவனங்களுக்கு மாறினார்கள். மாற முடியாதவர்களிடம், குறிப்பாக ஏற்கெனவே சம்பள எதிர்பார்ப்புக் குறைந்த படிப்புகளை முடித்தவர்களிடம், இழப்பு தங்கிவிட்டது. வேலை மாறுவதென்றால் வேறு ஊரில் வீட்டுக்கு முன்பணம், பயணச் செலவு, இரண்டு சம்பளத்துக்கு இடையில் ஒரு மாத வெற்றிடம். திரும்பவும் குடும்பத்தின் கை தேவைப்படுகிறது. முதல் வேலைக்கு மட்டும்தான் பின்னணி உதவும் என்பது தப்புக்கணக்கு. இரண்டாவது வேலைக்கும் அதுவே வேண்டியிருக்கிறது.

வேலையில்லாத மாதங்களால் பயோடேட்டாவில் விழும் இடைவெளியைப் பற்றித் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறோம் என்பது எங்கள் கருத்து. அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வில் (2013-இல் வெளியானது), வேலையில்லாத காலம் நீள நீள அழைப்பு குறைந்தது. முதல் 8 மாதத்தில்தான் பெரிய சரிவு. ஆனால் வேலை தாராளமாகக் கிடைக்கும் ஊர்களில்தான் அந்தச் சரிவு கூர்மையாக இருந்தது. ஊரே வேலையில்லாமல் இருக்கும்போது இடைவெளியை வைத்து ஆளை எடைபோட முடியாது என்பது நிறுவனங்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே மந்தத்தில் காத்திருப்பதற்குத் தண்டனை குறைவு. காத்திருக்க முடிகிறவருக்கு இது இன்னொரு லாபம். "சும்மா இருக்காதே, எதிலாவது சேர்" என்ற அறிவுரையை அவசரமாக ஏற்றவருக்கோ, "எதிலாவது" என்பதே பயோடேட்டாவின் முதல் வரியாக நின்றுவிடுகிறது.

பயோடேட்டாவில் ஒன்றிரண்டு சொற்கள் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். ரிவேரா, டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 14 நகரங்களில் 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்குச் சட்ட மாணவர் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கல்லூரி, மதிப்பெண், அனுபவம் எல்லாம் ஒன்றே. ஒன்றில் பாய்மரப் படகு, செவ்வியல் இசை. இன்னொன்றில் ஓட்டப்பந்தயம், நாட்டுப்புறப் பாணி இசை. இப்படிச் சின்னச் சின்ன அடையாளங்களில்தான் வேறுபாடு. மேல்தட்டு அடையாளமுள்ள ஆணுக்கு 16 விழுக்காட்டுக்கும் மேல் அழைப்பு வந்தது. கீழ்த்தட்டு அடையாளமுள்ள ஆணுக்கு ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. மேல்தட்டுப் பெண்ணுக்கு அந்த லாபமும் கிடைக்கவில்லை, குடும்பம் வந்ததும் வேலையை விட்டுவிடுவார் என்ற நினைப்பால். பொழுதுபோக்கு என்ற பகுதியை மாணவர்கள் கடைசி நிமிடத்தில் நிரப்புகிறார்கள். படிப்பவர் அதை வைத்து வீட்டையே அளந்துவிடுகிறார். அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, செய்து முடித்த திட்டப்பணி ஒன்றை இரண்டு வரியில் எழுதுவது மேல். இப்படி மறைக்கச் சொல்வது நியாயமா என்றால், இல்லைதான். மாற வேண்டியது அளக்கிறவர். அதுவரை மாணவர் காத்திருக்க முடியாது.

அவகாசத்தை விலைக்கு வாங்க முடியாது. கொஞ்சம் நீட்டிக்க முடியும். கல்விக் கடன் இருந்தால், தவணை தொடங்கும் தேதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் தள்ளிவைப்புக் கேட்க வேண்டும். ஒரு தவணை தவறியபிறகு கேட்டால் அதே கோரிக்கை வேறு மேசைக்குப் போய்விடும். அங்கே பேசுகிறவர் வசூல்காரர். இடைக்கால வேலையில் சேர நேர்ந்தால், சம்பளத்தைவிட நேரத்தைப் பாருங்கள். மாலை அல்லது இரவு ஷிஃப்ட் சற்றுக் குறைந்த சம்பளமானாலும் காலை நேர்முகத் தேர்வுக்கு வழிவிடும். வாரத்தில் இரண்டு காலைப்பொழுதைத் தேடலுக்கென்று ஒதுக்கிக் கட்டிவைத்தால்தான் தேடல் உயிரோடிருக்கும்.

ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் ஜாயினிங் தேதி தள்ளிக்கொண்டே போவது மந்தநிலையின் தனி வியாதி. "அடுத்த காலாண்டு" என்பார்கள், பிறகு இன்னொரு காலாண்டு. வீட்டில் வசதியிருப்பவர் ஒன்பது மாதம் அந்தத் தாளோடு உட்கார்ந்திருப்பார். இல்லாதவர் உட்காரவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிப்பார். முதல் தள்ளிவைப்பு மின்னஞ்சல் வந்த அன்றே மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டுவிட வேண்டும்: இந்த ஆஃபர் எந்தத் தேதிவரை செல்லும், அதுவரை வேறிடத்தில் வேலை பார்த்தால் ரத்தாகுமா, தேதி மறுபடி மாறினால் எத்தனை நாள் முன்பே சொல்வீர்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தத் தாளை இல்லாததாகக் கருதித் தேடலைத் தொடருங்கள். தொலைபேசியில் கேட்பது வீண். மறுமுனையில் இருப்பவரே அடுத்த மாதம் இருக்கமாட்டார்.

ரெஃபரல் கேட்பதும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையில் தானாக வருகிறது, அவ்வளவே. முன்னாள் மாணவர்களுக்கு வரும் செய்திகளில் பெரும்பான்மை இப்படி இருக்கும்: "அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க." படிக்கிறவருக்கு மனமிருந்தாலும் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வேலை, யாருக்கு அனுப்ப வேண்டும், என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று எதுவும் இதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: "வணக்கம் அண்ணா. நான் நம் துறையில் இந்த ஆண்டு முடித்தவன். உங்கள் நிறுவனத் தளத்தில் நேற்று வந்த தரச் சோதனைப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பணி எண் கீழே. இறுதியாண்டுத் திட்டப்பணியில் இதே சோதனை முறையைப் பயன்படுத்தினேன். பயோடேட்டா இணைத்திருக்கிறேன். பொருத்தமாகத் தோன்றினால் ரெஃபர் செய்ய முடியுமா? இல்லையென்றாலும் அந்தக் குழு எதை எதிர்பார்க்கிறது என்று பத்து நிமிடம் சொன்னால் பெரிய உதவி." எட்டே வாக்கியம். படிப்பவர் அப்படியே நகலெடுத்து உள்ளே அனுப்பிவிடலாம். பணி அறிவிப்பு வந்த முதல் மூன்று நாளுக்குள் போனால்தான் இதற்குப் பலன். இரண்டாவது வாரத்தில் எச்.ஆர். கையில் ஏற்கெனவே போதுமான பெயர்கள் சேர்ந்திருக்கும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தகவல் தெரிந்தவர் வீட்டில் இல்லாத பிள்ளைகளைத்தான் மோசடிக்காரர்களும் குறிவைக்கிறார்கள். மந்தநிலையில் இவர்கள் பெருகுவார்கள். "பயிற்சிக் கட்டணம், பிறகு திருப்பித் தருவோம்", "மடிக்கணினிக்கு முன்பணம்", "பாதுகாப்பு வைப்புத்தொகை" என்று பெயர்தான் மாறும். வேலைக்குச் சேரும் முன் பணம் கேட்கும் எந்த இடமும் வேலை தரும் இடம் இல்லை. விதிவிலக்குத் தேட வேண்டாம்.

கல்லூரிகள் செய்யக்கூடியது நிறைய, செய்வது குறைவு. பட்டமளிப்பு முடிந்ததும் பிளேஸ்மென்ட் பிரிவின் கதவு சாத்தப்படுகிறது. மந்தநிலையில் உண்மையான தேடலே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குறைந்தது இரண்டு ஆண்டு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்: மின்னஞ்சல் பட்டியலில் பெயர் நீக்கப்படக் கூடாது, காணொலி நேர்முகத் தேர்வுக்கு ஓர் அமைதியான அறையும் கணினியும் இணைப்பும் தரப்பட வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து காணொலியில் தோன்றுபவர் முதல் நிமிடத்திலேயே பின்தங்கிவிடுகிறார். இறுதியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "படிப்பு முடிந்தபின் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தேட முடியும்?" இரண்டு மாதம் என்று சொல்பவருக்கு முதல் வாய்ப்புகளை ஒதுக்குங்கள். பத்து மாதம் என்பவருக்கு அவசரமில்லை. இப்போது நடப்பது நேர்மாறு: எல்லா நிறுவனத்துக்கும் அதே முதல் பத்து பேரை அனுப்பி, ஒரே மாணவர் நான்கு ஆஃபர் வாங்குவதைப் பதாகையில் போடுகிறார்கள். மந்த ஆண்டிலாவது ஒருவருக்கு ஓர் ஆஃபர் என்று வரம்பு வைத்தால் மூன்று பேர் பிழைப்பார்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு மாணவரை அனுப்புவதையும் நிறுத்தலாம். அங்கே திறமைக்கு முன்பே வசதி சலிக்கப்பட்டுவிடுகிறது.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றுதான். வேலை விளம்பரத்தில் "இந்த ஆண்டு பேட்ச் மட்டும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே பெரிய நிறுவனங்கள் படித்து முடிக்கும் ஆண்டிலேயே மொத்தமாக ஆள் எடுக்கும் வழக்கம். 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து, 2000-களின் நடுப்பகுதிவரை வெளியே வந்த பட்டதாரிகளில் பலர் அந்த ஒரே வாய்ப்பைத் தவறவிட்டு, தற்காலிக வேலைகளிலேயே நடுவயதை எட்டினார்கள். 'வேலைவாய்ப்பு உறைபனிக் காலம்' என்றே அதற்குப் பெயர். பட்டம் பெற்று மூன்று ஆண்டு ஆனவர்களையும் புதியவர்களாகவே கருதுங்கள் என்று 2010-இல் அந்நாட்டு அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2019-இல், அந்தத் தலைமுறையில் 3 லட்சம் பேரை மூன்றாண்டில் நிரந்தர வேலைக்குக் கொண்டுவரத் திட்டம் அறிவித்தது. முன்பு இருபதுகளில் இருந்தவர்கள் அப்போது முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளிலும் இருந்தார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். கல்லூரிகள் அனுப்பும் "90 விழுக்காடு வேலைவாய்ப்பு" செய்திகளை வெளியிடும் முன், நிருபர்கள் மூன்று எண்களைக் கேட்டு வாங்கட்டும். ஆஃபர் எத்தனை பேருக்கு, சேர்ந்தவர் எத்தனை பேர்? ஒருவரே வாங்கிய பல ஆஃபர்கள் தனித்தனியாக எண்ணப்பட்டனவா? பட்டம் பெற்று 18 மாதம் ஆன பிறகு, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்கள்? மூன்றாவது எண் எங்கள் கல்லூரி உட்படப் பெரும்பாலான இடங்களில் தயாராக இருக்காது. "தரவில்லை" என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் பணியாற்றும் வாசகர்கள்